வீட்டை விற்கும் முன் ஒரு கேள்வி

சென்ற ஆண்டின் தொடக்கத்தில், மும்பை செம்பூரில் நான் பணியாற்றும் கிளைக்கு ஒரு முதிய தம்பதியர் வந்தனர். பெரியவருக்கு வயது 68. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மையாருக்கு வயது 64. திருச்சிப் பக்கத்திலிருந்து வேலை தேடி மும்பைக்கு வந்து, 1988 ஆம் ஆண்டில் 2 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய்க்கு இரண்டு அறைகள் கொண்ட வீட்டை வாங்கியவர்கள். மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லை. முழங்கால் வலியால் அம்மையார் மாதக்கணக்கில் கீழே இறங்குவதே இல்லை. கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவது குறித்து வீட்டுவசதிச் சங்கத்தில் எட்டு ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது, முடிவு எட்டப்படவில்லை.

பெரியவர் ஒரு தாளில் கணக்கு எழுதி வந்திருந்தார். வீட்டை விற்றால் ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சம் கிடைக்கும். ஐதராபாத்தில் இருக்கும் மகன் அங்கே பெரிய வீடு வாங்கத் திட்டமிட்டிருக்கிறார். அந்தப் பணத்தை அதில் போட்டுவிட்டு இருவரும் மகனோடு சென்று வாழ்வது என்பது ஏற்பாடு. பணத்தை எந்த வழியில் அனுப்பினால் வரி குறையும் என்று கேட்கவே அவர் வந்திருந்தார்.

அதுவரை பேசாமலிருந்த அம்மையார், கணவர் தாளை மடித்த பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, அந்த வீட்டுப் பத்திரத்திலே எங்க பேரு இருக்குமா?"

பெரியவர் சற்றுக் கூச்சப்பட்டார். மகனிடம் அதைக் கேட்பது எப்படி என்பது அவருடைய தயக்கம். ஆனால் வருமான வரிச் சட்டமும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது என்று நான் சொன்னபோது, இருவருமே நிமிர்ந்து உட்கார்ந்தனர்.

ஓய்வுக்காலத் திட்டத்தின் ஒரு பகுதியாக நெடுநாள் வாழ்ந்த வீட்டை விற்க எண்ணும் வாடிக்கையாளர்கள் பலர் எங்களிடம் ஆலோசனை கேட்கின்றனர். அவர்களுக்குப் பயன்படும் என்பதால் இந்தத் தம்பதியரின் அனுமதியோடு அவர்களுடைய அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். அடையாளங்களைச் சற்று மாற்றியும், தொகைகளைக் கணக்குக்கு எளிதாக முழுமையாக்கியும் தந்திருக்கிறேன்.

வீடு செய்துவந்த வேலைகள்

சொந்த வீடு மூன்று வேலைகளைச் செய்கிறது. தங்க இடம் தருகிறது. பெரும் நோயோ இழப்போ வந்தால் விற்கவோ அடகு வைக்கவோ கூடிய கடைசிப் பாதுகாப்பாக நிற்கிறது. முதியவர்களுக்குக் குடும்பத்தில் ஒரு நிலையையும் தருகிறது. பிள்ளைகள் வந்து போகும் இடம் அது.

வீட்டை விற்றுப் பெறும் பணமும் இம்மூன்று வேலைகளையும் செய்தாக வேண்டும். தங்குமிடம் மட்டும் மகன் வீட்டில் கிடைத்து, மற்ற இரண்டும் கைநழுவினால், பின்னர் அதை மீட்பது எளிதன்று. இதில் மகனின் நல்லெண்ணத்தைச் சந்தேகிப்பதற்கு எதுவும் இல்லை. வேலை மாற்றம், மகனின் கடன், குடும்பத்தில் எதிர்பாராத மரணம் ஆகியவை நல்ல பிள்ளைகளின் வீடுகளிலும் நேர்கின்றன. மகன் பெயரில் உள்ள வீட்டின் மீது மகனுக்குக் கடன் தந்தவருக்கு உரிமை இருக்கும். அங்கே வசிக்கும் பெற்றோருக்குப் பத்திரத்தில் இடம் இருக்காது.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007 இல் இயற்றப்பட்டது. அதன் 23 ஆம் பிரிவின்படி, தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்த முதியவர், அந்த நிபந்தனை மீறப்பட்டால் அக்கொடையைச் செல்லாததாக அறிவிக்குமாறு தீர்ப்பாயத்தை அணுகலாம். ஆயினும் நிபந்தனையின்றிப் பணமாகக் கொடுத்துவிட்டு, பின்னர் தீர்ப்பாயத்தின் படியேறும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வர வேண்டாம். சட்டம் கடைசி மருந்து. முதலிலேயே பெயரைச் சேர்த்துவிடுவது எளிய வழி.

முதலில் வாடகைக்கு வாழ்ந்து பாருங்கள்

வரி பற்றிப் பேசுவதற்கு முன் நான் அவர்களைக் கேட்டது, "எங்கே வாழ விரும்புகிறீர்கள்?" என்பதுதான். பெரியவர் ஐதராபாத் என்றார். அம்மையார் ஸ்ரீரங்கம் என்றார். முப்பத்தேழு ஆண்டு மும்பை வாழ்க்கையில் இருவரும் இதைத் தனியே உட்கார்ந்து பேசியதில்லை என்பது அப்போது தெரிந்தது.

விற்ற வீட்டைத் திரும்ப வாங்க முடியாது. ஆகவே, விற்பதற்கு முன் புதிய ஊரில் ஓராண்டேனும் வாடகைக்கு இருந்து பார்ப்பது நல்லது. அந்த ஊரின் கோடையையும் மழையையும் பார்க்கலாம். மருத்துவமனை எவ்வளவு தூரம், நள்ளிரவில் வண்டி கிடைக்குமா, பேச்சுத்துணைக்கு ஆள் உண்டா என்பவை தெரியவரும். அதுவரை சொந்த வீட்டை வாடகைக்கு விடலாம். மகாராஷ்டிரத்தில் 'லீவ் அண்டு லைசென்ஸ்' என்னும் ஒப்பந்தத்தின் பேரில், பெரும்பாலும் 11 மாதங்களுக்கு வீட்டை விடுவது வழக்கம். அந்த ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து பதிவு செய்வது அங்கே கட்டாயம்.

நம் தம்பதியர் அவ்வாறே செய்தனர். செம்பூர் வீட்டு வாடகை ஸ்ரீரங்கத்து வாடகையைக் கொடுத்துவிட்டு மேலும் மிஞ்சியது. முதல் மூன்று மாதங்கள் பெரியவருக்குக் கடினமாக இருந்தன. மாலையில் பேசிக்கொண்டிருக்கும் செம்பூர் நண்பர்கள் அங்கே இல்லை. அம்மையாரோ தரைத்தளத்து வீட்டில் நாள்தோறும் வெளியே நடக்கத் தொடங்கினார். பிள்ளைப் பருவத்து ஊர் முற்றிலும் மாறிவிட்டிருந்தாலும், தம் மொழியில் மருத்துவரிடம் நோயைச் சொல்ல முடிந்தது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பதினோராம் மாதம் இருவரும் ஒரே ஊரின் பெயரைச் சொன்னார்கள். மின்தூக்கியும் அருகில் மருத்துவமனையும் உள்ள அடுக்ககம் ஒன்றில் வீடு வாங்க முடிவு செய்தனர். அதன் பிறகே செம்பூர் வீடு விற்பனைக்கு வந்தது.

ஆவணங்கள்

நெடுநாள் வாழ்ந்த வீடுகளில் ஆவணங்களும் நெடுநாள் தூங்குகின்றன. மும்பையில் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் பங்குச் சான்றிதழ், முத்திரைத் தீர்வை செலுத்திய அசல் ஒப்பந்தம், பாக்கி இல்லை என்ற சங்கச் சான்று ஆகியவை தேவை. பங்குகளை மாற்ற மாநகராட்சிப் பகுதிகளில் சங்கம் அதிகபட்சமாக 25,000 ரூபாய் வரையே கட்டணம் பெறலாம் என்பது மகாராஷ்டிர அரசின் விதி. தமிழ்நாட்டில் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பூர்விகச் சொத்தாயின், 2005 ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டத்தின்படி மகள்களுக்கும் மகன்களுக்கு நிகரான உரிமை உண்டு. அவர்கள் கையொப்பமின்றி விற்க முனைவது வழக்கில் முடியும்.

பெரியவரின் வீட்டுக்கடன் இருபது ஆண்டுகளுக்கு முன்பே அடைக்கப்பட்டிருந்தது. ஆனால் கடன் தந்தவரின் உரிமைக் குறிப்பு சங்கப் பதிவேட்டிலிருந்து நீக்கப்படவில்லை. அதை நீக்கக் கடிதம் பெறுவதற்கு இரண்டு மாதங்கள் ஆயின. வாங்குபவர் கிடைத்த பிறகு இது தெரிந்திருந்தால் விற்பனையே தவறியிருக்கலாம். கடனை அடைத்த எவரும் அசல் ஆவணங்களையும் உரிமை விடுவிப்பையும் உடனே பெற்றுவிட வேண்டும்.

வாங்க வந்தவர்களுள் ஒருவர் 40 லட்சத்தை ரொக்கமாகத் தருவதாகக் கூறினார். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவது சட்டப்படி குற்றம். பெற்ற தொகைக்கு நிகரான தண்டம் விதிக்கப்படலாம். அப்பணத்தை வைப்பிலும் இட முடியாது, புதிய வீட்டுக்கும் கணக்கில் காட்ட முடியாது. முதுமையில் அலமாரியில் ரொக்கத்தோடு வாழ்வது பாதுகாப்பும் அன்று. பெரியவர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

வரிக் கணக்கு

விற்பனை 2025-26 நிதியாண்டில், 1 கோடியே 60 லட்சத்துக்கு நடந்தது. 2001 ஏப்ரல் 1 க்கு முன் வாங்கிய சொத்தாயின், வாங்கிய விலைக்குப் பதிலாக அந்நாளைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம்; அது அந்நாளைய முத்திரைத் தீர்வை மதிப்பை மிஞ்சக் கூடாது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் 12 லட்சம் என்று சான்றளித்தார்.

2024 ஜூலை 23 முதல் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு, பணவீக்கச் சரிக்கட்டல் இன்றி 12.5 விழுக்காடு வரி. அந்நாளுக்கு முன் வாங்கிய நிலம், வீடு ஆகியவற்றை விற்கும் இந்தியவாசியான தனிநபர், பழைய முறைப்படி சரிக்கட்டலோடு 20 விழுக்காடு என்றும் கணக்கிட்டு, எது குறைவோ அதைச் செலுத்தலாம்.

பழைய முறை: பணவீக்கக் குறியீடு 100 இலிருந்து 376 ஆகிவிட்டதால் 12 லட்சம் 45.12 லட்சமாகிறது. ஆதாயம் 114.88 லட்சம். வரி ஏறத்தாழ 22.98 லட்சம்.

புதிய முறை: ஆதாயம் 148 லட்சம். வரி 18.50 லட்சம்.

இவருக்குப் புதிய முறையே குறைவு. எல்லோருக்கும் அவ்வாறு அமையாது. 2001 மதிப்பு கூடுதலாக உள்ளவர்களுக்குப் பழைய முறை நன்மை தரலாம். சலுகை எதையும் நாடாவிட்டால், மிகைவரியும் மேல்வரியும் சேர்ந்து இவர் செலுத்த வேண்டியது 22 லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

இங்கேதான் அம்மையாரின் கேள்வி வருகிறது. 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 54 ஆம் பிரிவின்படி, வீட்டை விற்ற ஆதாயத்தைக் கொண்டு மற்றொரு வீடு வாங்கினால் அந்த அளவுக்கு வரிவிலக்கு உண்டு. விற்பதற்கு ஓராண்டு முன்போ, விற்ற பின் இரண்டு ஆண்டுகளுக்குள்ளோ வாங்க வேண்டும். கட்டுவதாயின் மூன்று ஆண்டுகள். ஆதாயம் 2 கோடிக்கு மிகாதிருந்தால், வாழ்நாளில் ஒருமுறை இரண்டு வீடுகளிலும் முதலிடலாம். புதிய வீட்டை மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால் சலுகை திரும்பப் பெறப்படும். அந்த வீடு, விற்றவரின் பெயரில் இருப்பதே பாதுகாப்பான வழி. மகன் பெயரில் வாங்கிவிட்டு விலக்குக் கோரினால், வரித்துறையோடு வழக்காட வேண்டிய நிலை வரலாம்.

திருச்சியில் வாங்கிய வீட்டின் விலை 65 லட்சம். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் சேர்த்து மொத்தம் 70.85 லட்சம். பத்திரம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவானது.

எஞ்சிய ஆதாயத்துக்கு 54இசி பிரிவு உதவியது. விற்ற ஆறு மாதங்களுக்குள், இதற்கென அறிவிக்கப்பட்ட அரசு நிறுவனங்களின் கடன் பத்திரங்களில் 50 லட்சம் வரை முதலிடலாம். ஐந்து ஆண்டுகள் எடுக்க முடியாது. அவற்றை ஈடாக வைத்துக் கடன் பெற்றாலும் சலுகை போய்விடும். வட்டி 5.25 விழுக்காடு, அதற்கும் வரி உண்டு. ஆகவே, அவசரத் தேவைக்கு வேறு பணம் கையில் உள்ளவர்களே இதில் முழு அளவு இட வேண்டும்.

இரண்டு சலுகைகளும் போக, வரிக்குரிய ஆதாயம் 27.15 லட்சம். மேல்வரியோடு செலுத்த வேண்டியது ஏறத்தாழ 3.53 லட்சம். விலை 50 லட்சமும் அதற்கு மேலும் ஆனால் வாங்குபவர் 1 விழுக்காட்டைப் பிடித்துச் செலுத்த வேண்டும். அவ்வாறு பிடித்த 1.60 லட்சம் இதில் கழிந்துவிடும்.

வரிக்கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளுக்குள் புதிய வீடு அமையாதவர்கள், அப்பணத்தை 1988 ஆம் ஆண்டின் மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தின்கீழ் வங்கியில் இட வேண்டும். சாதாரண சேமிப்புக் கணக்கில் வைத்திருந்தால் விலக்குக் கிடைக்காது. இதை அறியாமல் சலுகையை இழந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. பிரிவு எண்கள் மாறியுள்ளன. இனி விற்பவர்கள் பட்டயக் கணக்கர் ஒருவரைக் கலந்து, விற்பதற்கு முன்பே கணக்கிட்டுக்கொள்வது நலம்.

எஞ்சிய பணம் யாருக்காக?

வீடு, கடன் பத்திரம், வரி, தரகு மற்றும் இடமாற்றச் செலவு 3 லட்சம் எல்லாம் போக, கையில் 32 லட்சத்துக்கும் சற்று அதிகமாக நின்றது. பெரியவர் ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஏற்கெனவே முழு அளவுக்கு இட்டிருந்தார். ஒருவருக்கு உச்சவரம்பு 30 லட்சம். 60 வயதைக் கடந்த மனைவிக்குத் தனி வரம்பு உண்டு. எனவே 30 லட்சம் அம்மையாரின் பெயரில் இடப்பட்டது. அப்போதைய வட்டி 8.2 விழுக்காடு, காலாண்டுக்கு 61,500 ரூபாய். கணவர் கொடுத்த பணம் என்பதால் இந்த வட்டி வரிக்காகக் கணவரின் வருமானத்தோடு சேர்க்கப்படும். ஆனால் கணக்கு அம்மையாருடையது, கையொப்பமும் அவருடையது. எஞ்சிய தொகை, உடனே எடுக்கக்கூடிய வைப்பாக இருவர் பெயரிலும் வைக்கப்பட்டது.

கடன் பத்திர வட்டியையும் சேர்த்தால் மாதத்துக்குச் சராசரியாக 42 ஆயிரம் ரூபாய் வருகிறது. இது கூடாத வருமானம், விலைவாசி கூடும். ஐந்து ஆண்டுகள் கழித்துத் திரும்பும் 50 லட்சத்தை அன்றைய தேவைக்கேற்ப மறுபடி பிரித்து வைக்க வேண்டியிருக்கும்.

இருவருள் ஒருவர் முன்னே செல்வார் என்பதைப் பேசத் தயங்கக் கூடாது. எஞ்சியிருப்பவர் அலைய நேரிடாதவாறு, கணக்கை 'இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியிருப்பவர்' என்ற முறையில் வைப்பது நல்லது. 2025 நவம்பர் 1 முதல் வங்கி வைப்புகளுக்கு நான்கு பேர் வரை நியமனம் செய்யலாம். நியமனதாரர் பணத்தைப் பெறுபவர். யாருக்குச் சேர வேண்டும் என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோ தீர்மானிக்கும். ஆகவே உயிலும் எழுதிவிட வேண்டும். வங்கி வைப்புகளுக்குக் காப்பீடு ஒரு வங்கியில் ஒரு வைப்பாளருக்கு 5 லட்சம் வரை என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

விற்க மனமில்லாதவர்களுக்கும் வழி உண்டு. 2007-08 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட தலைகீழ் அடமானக் கடன், 60 வயதைக் கடந்தவர்களுக்குரியது. வீட்டில் வாழ்ந்துகொண்டே வங்கியிடமிருந்து மாதந்தோறும் தொகை பெறலாம். வாழும் காலத்தில் கடனைத் திருப்ப வேண்டியதில்லை. பின்னர் வாரிசுகள் கடனைச் செலுத்தி வீட்டை மீட்கலாம், அல்லது விற்றுத் தீர்க்கலாம். படியேற முடிகிறவர்கள், அக்கம்பக்கத்தை விட்டுப் பிரிய விரும்பாதவர்கள் இதைப் பரிசீலிக்கலாம்.

ஒரு சாவி

மகனிடம் சொல்வதுதான் பெரியவருக்குக் கடைசி வரை கடினமாக இருந்தது. தொலைபேசியில் சொல்லியபோது மகன் வருத்தப்பட்டார். சில வாரங்கள் பேச்சு குறைந்தது. பின்னர் அவர் தம் சம்பளத்துக்கு ஏற்ற கடன் பெற்றுச் சிறிய வீடு ஒன்றை வாங்கினார். திருச்சி வீட்டின் பால் காய்ச்சும் நாளில் அவரே முன்னின்று எல்லாம் செய்தார் என்று அம்மையார் எனக்குத் தொலைபேசியில் தெரிவித்தார்.

செம்பூரை விட்டுப் புறப்படும் முன் இருவரும் பெட்டகத்தை ஒப்படைக்க வந்தனர். முப்பது ஆண்டுகள் வைத்திருந்த பெட்டகச் சாவியை என் மேசையில் வைத்துவிட்டு, கணக்கைத் திருச்சிக் கிளைக்கு மாற்றும் விண்ணப்பத்தில் அம்மையாரே முதலில் கையொப்பமிட்டார். முகவரி எழுதும் இடத்தில் பெரியவர் பழக்கத்தில் செம்பூர் என்று எழுதத் தொடங்கி, அடித்துவிட்டுப் புதிய முகவரியை எழுதினார். அடித்த இடத்தில் இருவரும் கையொப்பமிட வேண்டும் என்றேன். இருவரும் இட்டார்கள்.

வீட்டை விற்க எண்ணும் ஒவ்வொரு வாடிக்கையாளரும், வரி எவ்வளவு என்று கேட்பதற்கு முன், அந்த அம்மையார் கேட்ட கேள்வியைத் தம் வீட்டில் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டுகிறேன். விடை கிடைத்த பின் எங்கள் கிளைக்கு வாருங்கள். மற்ற கணக்குகளைச் சேர்ந்தே போடுவோம்.